அடக்கப் பூசைத் தாள்

பமேலா மூன்றாவது முறையாக அப்பாவின் பழைய கணினியை அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன: விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 98. கூடத்தில் ஜெபமாலை பாதி முடிந்திருந்தது. நடுவில் பெட்டிக்குள் அப்பா அந்தோணிராஜ்.

பாடகர் குழுத் தலைவர் தங்கையா அறைக்குள் தலையை நீட்டினார்.

“மூணு மணிக்குப் பூசை லா, பமேலா. பாட்டு, ஜெபம் போட்ட தாள் எங்க?”

“எக்ஸ்பில தமிழ் டைப் பண்ண முடியல, அங்கிள். தொண்ணூத்தெட்டுல பிரிண்டர் வேலை செய்யல. என் லேப்டாப்ல போட்டா எழுத்தெல்லாம் கோழி கிண்டுன மாதிரி வருது.”

“இந்த ஜாசின் ஊர்ல செத்தவங்க எல்லாருக்கும் தாள் அடிச்ச மனுஷன். அவருக்குத் தாள் இல்லன்னா நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாடுறது? இருந்திருந்தா இந்நேரம் மடிச்சே குடுத்திருப்பாரு.”

சைபர்ஜெயா நகரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிப்பதுதான் பமேலாவுக்கு வேலை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, “இந்தக் குப்பையத் தூக்கிப் போடுங்கப்பா” என்றிருந்தாள். அப்பா கேக்கை மென்றுகொண்டே சிரித்ததோடு சரி.

அம்மா செலின் பெட்டியருகிலிருந்து எழுந்து வந்தாள்.

“தள்ளு மா.”

வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பவும் மகளைக் கேட்கிற அம்மா, கீழ் அம்பை ஒரு தட்டு தட்டினாள். விண்டோஸ் 98-இன் மேகங்கள் மிதக்கும் பழைய திரை வந்தது.

“ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“அவருக்குக் கண்ணுல பொரை வந்ததுலேருந்து நான்தானே அடிக்கிறேன். வெளிய சொல்லாதன்னாரு. பெருமை அவருக்கு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “இங்க எழுதணும். அணைச்சுட்டு அந்த எக்ஸ்பி பக்கம் போயி அச்சடிக்கணும். அங்கேருந்து பாத்தா இது தெரியும். இங்கேருந்து பாத்தா அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.”

கோப்புகளின் பட்டியல் திறந்தது. எல்லாம் மனிதர்களின் பெயர்கள். மேலே இருந்த வெரோனிக்காவின் தாளை அம்மா திறந்தாள். பிப்ரவரியில் இறந்தவள். அவள் பெயரை அழித்து, அந்த இடத்தில் தன் கணவர் பெயரை அடித்தாள்.

“புதுசா ஒண்ணு போடலாமே?”

“எதுக்கு? கடைசியாப் போனவங்க தாள்லதான் அடுத்தவங்க பேரப் போடுவாரு. வெரோனிக்காவுக்கு டாரியஸ் தாளு, டாரியஸுக்கு சேகரன் தாளு. அப்படியே வருது.”

பமேலா பட்டியலை இறக்கிக்கொண்டே போனாள். முந்நூற்றுப் பதினான்கு பெயர்கள். கடைசியில், 1999 மார்ச் தேதியிட்ட ஒரு பெயர்: ரையன்.

ரையன் அவளுக்கு முன் பிறந்து பதினோரு நாளில் போன அண்ணன். கல்லறைத் திருநாளன்று ஒரு சின்னச் சிலுவையின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்குமேல் வீட்டில் யாரும் பேசியதில்லை.

திறந்தாள். ஒரே பக்கம். அடியில், ‘தகப்பன் எழுதியது’ என்ற குறிப்போடு ஒரு ஜெபம்: “சில நாள் எங்கள் கையில் தந்தீர். அதற்கும் நன்றி ஆண்டவரே.”

ஒவ்வோர் அடக்கத்திலும் கோயில் முழுக்கச் சொல்கிற வரி. எண்பது வயதுக் கிழவருக்கும் சொன்னார்கள். பூசைப் புத்தகத்தில் இருப்பது என்றே அவள் நினைத்திருந்தாள். டாரியஸின் தாளைத் திறந்தாள், இருந்தது. சேகரனுடையதைத் திறந்தாள், இருந்தது. மறுபடி அப்பாவின் தாளுக்கு வந்தாள், அங்கேயும் இருந்தது.

“அம்மா, அப்பாவுக்கு எழுபத்தோரு வயசு. இந்த ‘சில நாள்’ வரிய...”

அம்மா திரையைப் பார்த்தாள்.

“அதத் தொடமாட்டாரு” என்று சொல்லி, அப்பா பெயரில் சேமித்து, கணினியை அணைத்தாள்.

மறுபக்கம் திறந்ததும் பிரிண்டர் முனகியது. தங்கையா சூடான தாள்களை வாங்கி வாங்கி மடித்தார்.

மூன்றரை மணிக்குக் கோயிலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பாட்டு முடிந்து குரல்கள் தாளின் அடிக்கு வந்தன. பமேலா ‘சில நாள்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் அம்மா எல்லாரோடும் சேர்ந்து சொன்னாள். அம்மாவின் தாள் மடித்தபடியே கையில் இருந்தது.