படிக்கட்டில் கூடிய அவை

எல்லாரும் பல்லக்கு ஏறினால் யார் பல்லக்கைத் தூக்குவது என்று ஊரில் ஒரு கேள்வி உண்டு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில் நடந்த திருச்சபையில் அதற்குப் பதில் ரொம்ப நாளாகத் தயாராக இருந்தது. தையல்காரம்மா தூக்குவார்.

சபை என்றதும் கோபுரமும் மணியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் ஒன்பது பேர். கத்தோலிக்கச் சபைதான், அதே பூசை, அதே அங்கி, அதே மெழுகுவர்த்தி. ஆனால் பாப்பரசருக்குக் கட்டுப்படாமல் தனிக்குடித்தனம் வந்தது. மாமியார் இல்லாத வீட்டின் சௌகரியங்கள் எல்லாம் இங்கே உண்டு. கல்யாணமானவர் குருவாகலாம், பெண்கள் குருவாகலாம். சம்பளம் மட்டும் யாருக்கும் கிடையாது. ஆயர் வாரம் ஆறு நாள் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். ஏழாம் நாள் கூர்த்தொப்பி வைத்துக்கொண்டு ஆசீர்வதிப்பவர். மாடிக்குச் சொந்தக்காரரான பயிற்சிப் பள்ளி முதலாளி ஒரு குரு. மருந்துக்கடைக்காரம்மா இன்னொரு குரு. அவரை ஃபாதர் என்பதா, அக்கா என்பதா என்று சபை இரண்டு மாதம் குழம்பி, கடைசியில் 'ஃபாதரக்கா' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது.

பீடத்துக்குப் பின்னால் சுவரில் சிலுவை. சிலுவைக்கு இடப்பக்கம் 'திரும்பாதே', வலப்பக்கம் 'முந்தாதே' என்று சாலைக் குறிகள். முதலாளி அவற்றைக் கழற்ற ஒப்பவில்லை. திங்கட்கிழமை காலையில் வகுப்பு இருக்கிறதே.

ஆயருக்கு ஒரு பழக்கம். வீட்டுக்கு வந்தவருக்கு நாம் தண்ணீர் கொடுப்பதுபோல அவர் பட்டம் கொடுத்துவிடுவார். ஆரம்ப காலத்தில் வந்தவர்கள் எல்லாம் ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு நழுவிப் போனார்கள். "பொறுப்புக் கொடுத்தாத்தான் ஆள் நிப்பாங்க" என்று அவர் கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பு சரிதான், ஆள் நின்றார்கள். எல்லாரும் பீடத்தில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எட்டுப் பேர் பீடத்தில், ஒருத்தி பெஞ்சில். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று ஆயர் கைகளை அகல விரிப்பார். அந்த 'உங்கள்' முழுக்கத் தையல்காரம்மா. பதிலையும் அவரேதான் சொல்ல வேண்டும். அவருக்குத் தொண்டை கட்டியிருந்த வாரத்தில் ஆயர் மூன்று தரம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

அந்த எட்டுப் பேரின் அங்கிகளையும் தைத்தவர் தையல்காரம்மாதான். ஆயரின் தொப்பிக்குள் விறைப்புத் துணி வைத்ததும், மருந்துக்கடைக்காரம்மாவின் அங்கியில் யாருக்கும் தெரியாமல் பை வைத்ததும் அவர்தான். ஞாயிறு காலையில் கடையின் இஸ்திரிப் பெட்டியை மாடிக்குத் தூக்கிவந்து அத்தனையையும் தேய்ப்பவரும் அவர்தான்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. திருத்தொண்டர் ஆக வேண்டும். குருவுக்குக் கீழே இருக்கும் படி அது. ஆனால் நற்செய்தியை எழுந்து நின்று வாசிக்கும் உரிமை அந்தப் படியில்தான் வருகிறது. இப்போது வாசிப்பவர் முடிவெட்டும் கடைக்காரர். வார்த்தைகளைக் கத்தரித்துக் கத்தரித்துப் போடுவார். தொழில் புத்தி எங்கே போகும்? பெஞ்சில் உட்கார்ந்து தையல்காரம்மா வாய்க்குள்ளேயே சரியாக வாசிப்பார். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொல்லிச் சொல்லி, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வரும் வாசகங்கள் எல்லாமே அவருக்கு மனப்பாடம்.

ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஆயர் ஒரே பதிலைச் சொன்னார்.

"அம்மா, நம்ம சட்டத்துல ரெண்டு அவை இருக்கு. பட்டம் வாங்கினவங்க அவை ஒண்ணு, பட்டம் வாங்காத பொதுநிலையினர் அவை ஒண்ணு. யாருக்குப் பட்டம் கொடுக்கணும்னாலும் ரெண்டும் சரின்னு சொல்லணும். நீயும் மேல ஏறிட்டா நான் யாரைக் கேக்கறது? மக்கள்னு சொல்லிக்க எனக்கு இருக்கறது நீ ஒருத்திதானே?"

அந்தச் சட்டத்தை எழுதியவரும் ஆயர்தான். லிஃப்ட் பராமரிப்புப் படிவங்களின் பின்பக்கத்தில் நாற்பத்தொரு விதிகள். இரண்டு அவைகளும் ஒரே அறையில் கூடக் கூடாது என்பது பதினான்காம் விதி. ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறிவிடக் கூடாதாம். மாடியில் இருப்பது ஒரே அறை. ஆகவே பட்டம் வாங்கிய எட்டுப் பேர் உள்ளே மின்விசிறிக்குக் கீழே கூடுவார்கள். பொதுநிலையினர் அவை நோட்டுப் புத்தகத்தோடு வெளியே போய்ப் படிக்கட்டில் கூடும். தலைவர், செயலர், உறுப்பினர் மூன்றும் தையல்காரம்மா. 'வந்தவர்: ஒருவர். வராதவர்: யாருமில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உள்ளே போய்க் கொடுப்பார். இதுவரை ஒரு தடவைகூட அந்த அவை எதையும் மறுத்ததில்லை.

தன் இடத்துக்கு ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தால் தனக்கு வழி பிறக்கும் என்று தையல்காரம்மா கணக்குப் போட்டார். முதலில் ரொட்டிக்கடைக்காரரைப் பிடித்தார். பேன்ட் இடுப்பைப் பெரிதாக்க வந்த மனிதர். "சும்மா வந்து உக்காருங்கண்ணே, ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். ஆயர் அவரைப் பார்த்த பார்வையிலேயே தையல்காரம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பத்தாவது வாரம் ரொட்டிக்கடைக்காரர் பீடத்தில் நின்றார். அவருக்கும் அங்கி தைக்க வேண்டியதாயிற்று. அதுவும் பெரிய இடுப்பு.

அடுத்ததாகத் தன் வீட்டுக்காரரையே கூட்டிவந்தார். சொந்தப் புருஷன், சாமி விஷயத்தில் பெரிய ஆர்வமில்லாதவர், எங்கேயும் போகமாட்டார் என்ற நம்பிக்கை. அவருக்கு வேலை தண்ணீர் மீட்டர் பார்ப்பது. பகலெல்லாம் தெருத் தெருவாகக் கதவைத் தட்டுவார். நாய் குரைக்கும், ஆள் வரமாட்டார்கள். அப்படிப்பட்டவரிடம் ஆயர் ஒரு நாள் "நீங்க வந்தப்புறம்தான் சபைக்கே ஒரு களை" என்று சொல்லிவிட்டார். முடிந்தது கதை. தையல்காரம்மா அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த ஞாயிறு பார்த்து, அவர் திருத்தொண்டருக்கும் ஒரு படி கீழே, துணைத்தொண்டர் ஆகிவிட்டார். ஒப்புதல் வேண்டுமே? "வீட்டுக்காரி சம்மதம்தானே, போன்ல கேட்டுட்டேன்" என்று ஆயரிடம் சொல்லியிருக்கிறார். போனில் அவர் மனைவியிடம் கேட்டது, அலமாரிச் சாவி எங்கே என்றுதான்.

ஊருக்குப் போய் வந்தவர் சாவியைப் பற்றியும் பேசவில்லை, சபையைப் பற்றியும் பேசவில்லை. மூன்று நாள் சோற்றில் உப்பில்லை, அவ்வளவுதான். தெருவுக்கே தெரியும்.

இந்த வருஷம் ஆண்டுப் பேரவைக்கு இரண்டு வாரம் முன்னால் ஆயர் தையல் கடைக்கே வந்தார்.

"உன் வீட்டுக்காரரைத் திருத்தொண்டராக்கலாம்னு இருக்கேன். நல்லா ஒரு அங்கி தைச்சுடும்மா. வெள்ளைத் துணி, சிவப்புக் கரை."

தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் நுழையவில்லை. "தைச்சுட்டாப் போச்சு சாமி" என்றார்.

துணைத்தொண்டர் பட்டம் சின்னப் பட்டம். பூசைப் பாத்திரத்தைத் தொடவைத்துக் கொடுப்பது. திருத்தொண்டர் அப்படியில்லை. ஆயர் தலையில் கை வைப்பார். வைத்த கை வைத்ததுதான், அந்தப் பட்டத்தை எடுக்க வழியே கிடையாது. கை விழுந்துவிட்டால் புருஷன் ஆயுசுக்கும் பீடத்தில், பெண்டாட்டி ஆயுசுக்கும் பெஞ்சில். அந்த இரண்டு வாரமும் மிஷின் வழக்கத்தைவிடச் சத்தமாக ஓடியது.

பேரவைக்கு முந்தின நாள் அங்கியைப் போட்டுப் பார்க்க வீட்டுக்காரர் வந்தார். கையை நுழைத்தார். கை மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைக்கு அருகில்வரை வெளியே வந்து நின்றது. கீழே முழங்கால் தெரிந்தது.

"என்ன இது, சுருங்கிப்போச்சா?"

"துணியை நனைச்சுக் காயவெச்சுத்தான் வெட்டினேன். சுருங்காது."

"அப்போ அளவைத் தப்பா எடுத்திருக்கே."

"இருபத்தாறு வருஷமா உங்களுக்குச் சட்டை தைக்கறேன். உங்க அளவு எனக்குத் தெரியாதா?"

அவர் கண்ணாடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனைவி அவர் தோளுக்குத்தான் இருப்பார். மீட்டர் பார்க்கிறவருக்கு ஒரு தடவை பார்த்தால் எண் விளங்கிவிடும். அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனார். மடிப்புகூட ஒழுங்காக இருந்தது. அதுதான் தையல்காரம்மாவுக்கு உறுத்தியது.

மறுநாள் பேரவை. வீட்டுக்காரர் ஓரமாக நிற்க, உள்ளே மற்ற ஏழு பேரும் கை தூக்கி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். தையல்காரம்மா நோட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார்.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து ஆனது. கீழே பயிற்சிக் காருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "லைசென்ஸ் வாங்கவா?" என்று கேட்டார். "இல்லம்மா, கொடுக்க" என்றார் தையல்காரம்மா. இருபது நிமிஷம் ஆனது. உள்ளே ஆயர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர், அடுப்பில் மாவு இருப்பதாக முணுமுணுத்தார். யாரும் எழுந்து போய்ப் பார்க்க முடியாது. பதினான்காம் விதி.

கதவு திறந்தது. தையல்காரம்மா நோட்டை நீட்டினார். ஆயர் வாசித்தார். 'வந்தவர்: ஒருவர். வராதவர்: யாருமில்லை. பொதுநிலையினர் அவை இதற்குச் சம்மதிக்கவில்லை.'

"தப்பா எழுதிட்டியாம்மா?"

"இல்ல சாமி."

"மறுத்தா காரணம் எழுதணும்னு விதி இருக்கு."

"அடுத்த பக்கத்துல இருக்கு."

அடுத்த பக்கத்தில் இருந்தது: 'கடைசியாக ஒருவருக்குப் பட்டம் கொடுத்தபோது இந்த அவையைக் கேட்கவில்லை. அவரோடு இந்த அவையில் அப்போது இரண்டு பேர் இருந்தோம். அந்த ஆளைத் திருப்பிக் கொடுக்கும்வரை யாருக்கும் எதற்கும் சம்மதம் இல்லை.'

மற்ற தலைகள் எல்லாம் துணைத்தொண்டர் பக்கம் திரும்பின. அவர் சுவரில் இருந்த 'திரும்பாதே' குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல கேட்டேன்னு சொன்னீங்களேய்யா?" என்றார் ஆயர்.

"கேட்டேன்" என்றார் அவர். "எதைன்னு நீங்க கேக்கலையே."

முடிவெட்டுபவர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார். விதிப்புத்தகத்தை எடுத்து ஃபாதரக்கா புரட்டினார். சபையில் அதை முழுசாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். மருந்துச்சீட்டைப் படித்த கண்ணுக்கு ஆயரின் கையெழுத்து எம்மாத்திரம். முப்பத்திரண்டாம் விதி: கை வைக்காமல் கொடுத்த பட்டத்தை, வாங்கியவர் தானே எழுதிக் கொடுத்தால் திரும்ப ஒப்படைக்கலாம். வேறு யாரும் பறிக்க முடியாது.

"ஆக, அவரா மனசு வெச்சாத்தான்" என்று ஃபாதரக்கா புத்தகத்தை மூடினார்.

அவராக மனசு வைக்கவில்லை. ஒரு மாதம். வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பால் வந்ததா, விளக்கு மாற்றணும் என்ற அளவில். பீடத்தில் மேலேயும் ஏற முடியாமல் கீழேயும் இறங்க மனமில்லாமல் திரிசங்குபோல நின்றார் மனிதர்.

ஒரு நாள் மட்டும் வாய் திறந்தார். "வீட்லதான் உன் ராஜ்ஜியம்னா, அங்கயுமா?"

"அங்க நான் உக்காந்த இடம் படிக்கட்டுங்க. ராஜ்ஜியமாம் ராஜ்ஜியம்."

மனசை மாற்றியது மனைவியில்லை. இதைச் சொன்னால் தையல்காரம்மாவே ஒப்புக்கொள்வார். தலைமுடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணே, நான் நாலு வருஷமா திருத்தொண்டர். யாராவது எனக்காக ஒரு நிமிஷம் காத்திருக்காங்களா? புஸ்தகத்தைத் தூக்கு, மெழுகுவர்த்தியை அணைன்னுதான் சொல்வாங்க. அன்னிக்கு அக்கா படிக்கட்டுல இருபது நிமிஷம் உக்காந்தாங்க. ஆயரே தொப்பியைக் கழட்டி மடில வெச்சுட்டுக் காத்திருந்தாரு. பாத்தீங்கல்ல?"

வீட்டுக்காரர் கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்தார். வாழ்க்கை முழுக்கக் கதவுக்கு வெளியே காத்திருந்த மனிதர் அவர். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களைக் காக்கவைக்க முடியும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. அடுத்த ஞாயிறு கடிதத்தை எழுதி ஆயரிடம் நீட்டினார். காரணம் என்ற இடத்தில் 'முழங்கால் வலி' என்று எழுதியிருந்தார்.

ஆயருக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் நிம்மதி. மக்கள் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டார். தையல்காரம்மாவைத் திருத்தொண்டராக்கத் தேதி குறித்தார்.

அன்றைக்கு அங்கி கச்சிதமாக இருந்தது. கை மணிக்கட்டில் நின்றது, ஓரம் கணுக்காலில் நின்றது. யாரும் அளவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் உள்ளே கை தூக்கினார்கள். சட்டப்படி, பேசப்படும் ஆள் எந்த அவையிலும் உட்காரக் கூடாது. தையல்காரம்மா பீடத்துக்கு முன்னால் தனியாக நின்றார். பொதுநிலையினர் அவை நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தியது.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். ரொட்டிக்கடைக்காரர் மாவைப் பற்றிச் சொன்னார். ஆயர் தொப்பியைக் கழற்றினார். வெளியே படியில் யாரோ சாவகாசமாகக் கொட்டாவி விடுவது உள்ளே கேட்டது. தையல்காரம்மா வாசகத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நடுவில் ஒரு வரி மறந்துபோனது. அந்த மனுஷன் கொட்டாவிதான் விடுகிறாரா, மூன்று நாள் உப்பில்லாத சோற்றை நினைத்துக்கொண்டிருக்கிறாரா?

முப்பத்தைந்தாவது நிமிஷம் கதவு திறந்தது. அவர் யாரையும் பார்க்காமல் நடந்து வந்து நோட்டை நீட்டினார். ஆயர் உரக்க வாசித்தார்.

"வந்தவர்: ஒருவர். வராதவர்: யாருமில்லை. பொதுநிலையினர் அவை ஏகமனதாகச் சம்மதிக்கிறது. ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கிகளைத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைக் கடையிலிருந்து மாடிக்குத் தூக்கிவருவது இனிமேல் இந்த அவையின் வேலை அல்ல. பட்டம் வாங்கியவர்கள் தூக்கட்டும்."

ஆயர் தையல்காரம்மாவைப் பார்த்தார். இரண்டு அவைகளில் ஒன்று வைத்த நிபந்தனை. ஏற்றால்தான் மேற்கொண்டு நடக்கும்.

"எவ்வளவு கனம் இருக்கும்?" என்று முதலாளி குரு மெல்லக் கேட்டார்.

"ஏழு கிலோ" என்றார் பொதுநிலையினர் அவை.

தையல்காரம்மா "சரி, நானே தூக்கறேன்" என்றுவிட்டு மண்டியிட்டார். ஆயர் தொப்பியை வைத்துக்கொண்டு அவர் தலையில் கை வைத்தார். பிறகு தையல்காரம்மா எழுந்து போய் நற்செய்தியை எடுத்தார், வாசித்தார். ஒரு வார்த்தைகூட கத்தரிக்கவில்லை, மறந்துபோன வரியும் தானாக வந்தது. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று அதற்கு முன்னால் அவர் சொன்னபோது, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவர், காலை நீட்டிக்கொண்டு, கொஞ்சம் காக்கவைத்துத்தான் பதில் சொன்னார்.