புல்வெட்டிக்குப் பிளக் மாற்றிய காலை

கணக்கு வாத்தியாரின் பெட்ரோல் புல்வெட்டி அன்று காலை பாதிப் புல்லில் மக்கர் செய்து நின்றுவிட்டது. ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். வீட்டுப் பின்புறத்தில் இடுப்பில் கைவைத்து அவர் நின்ற கோலத்தைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கொழுந்தியாள் சிரித்தபடி இறங்கி வந்தாள். பல் டாக்டர். அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்க வந்திருந்தாள். கை சும்மா இருக்காது அவளுக்கு.

"ஸ்பார்க் பிளக் போயிருக்கும் அத்தான். வலிக்காமப் பிடுங்கணும்னா சொல்லுங்க, நான் வரேன்."

"இது கடவாய்ப் பல் இல்லம்மா. நீ போய் உன் வேலையைப் பாரு."

புதுப் பிளக் ஒன்று அலமாரியில் கிடந்தது. வாத்தியார் மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்து, பிளக்கின் தலையில் மின்சாரம் கொண்டுவரும் ஒயர்த் தொப்பியை உருவிவிட்டு, ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். வெளியே வந்த பழைய பிளக் கரி பிடித்துச் சொத்தைப் பல் கணக்காக இருந்தது. அதைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். சிரித்த சூட்டோடு அவள் அத்தானின் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்து, அடித்தட்டில் பிளேடைச் சுற்றி அப்பியிருந்த ஈரப்புல்லைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"இவ்வளவு அழுக்கை வெச்சுக்கிட்டு பிளக்கைக் குறை சொல்றீங்களே!"

வாத்தியார் புதுப் பிளக்கை இறுக்கினார். இறுக்கியதும் தொப்பியை 'டக்'கென்று மாட்டினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்ற மெஷின் என்பதால் சுவிட்சை அவர் அணைக்கவே இல்லை. என்ஜின் சூடும் ஆறவில்லை. அந்தப் பக்கம் அவள், அடுத்த மூலையைச் சுரண்டுவதற்காக, பிளேடைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளினாள். பிளேடு சுற்றினால் என்ஜினும் சுற்றும்; கயிற்றை இழுப்பதும் அதுவும் ஒன்றுதான்.

டப்.

ஒரே ஒரு வெடி. பிளேடு அரைச் சுற்று சுற்றி நின்றது.

அவள் கத்தவில்லை. கையுறைக் கையை இன்னொரு கையால் பொத்தி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு பின்னால் சரிந்து உட்கார்ந்தாள். புல்லின் மேல் கையுறையின் இரண்டு விரல் நுனிகள் கிடந்தன.

வாத்தியாரின் கை தானாகப் போய் ஒயர்த் தொப்பியை உருவியது. உருவியதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அத்தான், நீங்க பாருங்க. நான் பாக்க மாட்டேன்."

தினம் பத்துப் பேர் வாயில் ரத்தம் பார்க்கிறவள், கண்ணை இறுக மூடியிருந்தாள். அவர் மண்டியிட்டுக் கையுறையை மெல்ல உருவினார். உள்ளே ரத்தம். கட்டை விரல், ஆள்காட்டி விரல்... கணக்கு வாத்தியாருக்கு ஐந்து வரை எண்ண வரவில்லை. மூன்றில் தடுக்கியது. முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி மூன்றில் நின்றார்.

"எத்தனை?"

"இரு."

"அத்தான், எத்தனை இருக்கு!"

"அஞ்சு. அஞ்சும் இருக்கும்மா."

அவருடைய கையுறை அவளுக்குத் தொளதொள. நுனியில் விரல் எட்டாத வெறும் தோலைத்தான் பிளேடு கொண்டுபோயிருந்தது. நடுவிரல் நகம் மட்டும் பிளந்து ரத்தம் ஒழுகியது.

அதற்குள் மனைவி ஓடிவந்துவிட்டாள். துண்டை நனைத்துத் தங்கையின் கையில் சுற்றியவள், மெஷினைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒயரை மாட்டினது யாரு?"

"நான்தான்க்கா சொல்லாம கையை விட்டேன்" என்று முந்திக்கொண்டாள் தங்கை.

"இல்ல" என்றார் வாத்தியார். "அவ கை உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும். சுரண்டுற சத்தம் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் மாட்டினேன்."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. மறதி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பிளக்கை இறுக்கினால் அடுத்தது தொப்பி. அந்த வரிசைதான் கையில் இருந்தது. மனுஷி அதில் இல்லை. புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி நீட்டிய டம்ளர் அவர் பல்லில் கடகடவென்று அடித்தது.

"மூச்சை இழுத்து விடுங்க அத்தான், மெதுவா" என்றாள் அடிபட்டவள்.

மனைவிதான் கார் ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "எப்படி ஆச்சு?" என்று வழக்கம்போலக் கேட்டாள். வாத்தியார் கயிறு இழுத்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். எக்ஸ்ரே எடுப்பவர் கேட்கவே இல்லை, அவரிடமும் சொன்னார். பக்கத்து நாற்காலியில் காலில் கட்டோடு இருந்தவரிடம் தொடங்கியபோது மனைவி சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும். உக்காருங்க."

கடைசியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, நகம் முளைத்துவிடும், மூன்று வாரம் அந்தக் கைக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்றார். அக்காளும் தங்கையும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். வாத்தியார் தலையாட்டினார்.

"சுவிட்சை நான் அணைக்கல டாக்டர்" என்று ஆரம்பித்தார்.