நிறுத்தச் சொன்ன ஜெபம்

மீஞ்சூர் தாண்டியதும் வழக்கம்போல முத்தம்மாவின் உள்ளங்கை ஹெலனின் தலையில் வந்து உட்கார்ந்தது. சூலூர்ப்பேட்டை வண்டி, பெண்கள் பெட்டி, காலை வேளை.

“அப்பா, எங்க ஹெலன் புருஷன் பென்னிய ஊட்டுக்கு இட்டுக்கினு வாங்கப்பா. கையில பெட்டியோட, திரும்பிப் போவாத மாதிரி இட்டாங்கப்பா. இந்த மாசத்துக்குள்ளாற.”

“ஆமென்” என்று எதிர் சீட்டு ஜோதிலட்சுமி முந்திக்கொண்டாள். அவள் கும்பிடுவது அங்காளம்மனை. நாலு வருஷத்துக்கு முன்னால் உட்கார இடம் கிடைத்ததே என்று இந்த ஜெபக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தவள். ஆமென்னில் யாரும் அவளை ஜெயித்ததில்லை.

ஹெலன் மட்டும் உள்ளுக்குள் எதிர் மனு போட்டுக்கொண்டிருந்தாள். ‘அக்கா சொல்றத கேக்காதீங்க ஆண்டவரே.’

பயம் அவளுக்கு. முத்தம்மாவின் ஜெபம் சும்மா போனதில்லை. சிப்காட் ஆலைப் புகை ஒழிய அவள் மன்றாடிய ஒரு ஞாயிறு, புகை மொத்தமும் ஆந்திரா பக்கம் திரும்பிப் போனது. தடாக்காரர்கள் இருமியதைக் கேட்டவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். மூவரும் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி வயர் கம்பெனியின் வழுக்கை சூப்பர்வைசருக்கு முடி வேண்டிக்கொண்டாள். ஒரே மாதத்தில் முளைத்தது. என்ன, சுருட்டை முடி. எந்த மாதிரி என்று சொல்லாமல் விட்டது தன் தப்புதான் என்று முத்தம்மாவே ஒப்புக்கொண்டாள். அதிலிருந்துதான் பெட்டி, தேதி என்று விவரம் சேர்த்துக் கேட்கிறாள். பென்னி விஷயம் மட்டும் மூன்று வருஷமாக இழுக்கிறதென்றால், இந்தப் பக்கம் ஹெலன் பிடித்து நிறுத்தியிருப்பதால்தான்.

முதல் சில நாள் அவளும் அழுது கேட்டவள்தான். பென்னி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவனோடு போன ஸ்நேகா இதே சீட்டில் உட்கார்ந்து பாடியவள். பென்னிக்காக ஸ்நேகா தினமும் ஜெபிப்பாள்; அவன் இடுப்பு வலி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுவரை சரியாகச் சொல்லி ஜெபிப்பாள். ஹெலன் அதற்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை திருவள்ளூர் கோர்ட்டில் விவாகரத்து ஆனது. காய்ச்சல் என்று லீவு சொல்லிப் போய் வந்தாள். இனி அவன் பெட்டியோடு வந்து நின்றால் கதவைத் திறந்துவிடுவோமோ என்பதுதான் அவளுக்குப் பயம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடும்.

பொன்னேரியில் கூட்டம் ஏறியது. முத்தம்மா இரண்டாம் சுற்றுக்குக் கையைத் தூக்கினாள்.

“போதும்க்கா, நிறுத்து. கோர்ட்ல முடிஞ்சிபோச்சி. அவுரு வர வோணாம்.”

கை அந்தரத்தில் நின்றது. ஜோதிலட்சுமி சொல்லத் தயாராக வைத்திருந்த ஆமென்னை விழுங்கினாள்.

‘தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கலாகாது’ என்று அக்கா ஆரம்பிக்கப்போகிறாள் என்று ஹெலன் காத்திருந்தாள். கவரைப்பேட்டை வந்துவிட்டது. முத்தம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த ஸ்நேகா இங்க குந்திக்கினு ஜெபம் பண்ணாளே, அதுக்கெல்லாம் ஆமென் சொன்னவ நான்தாண்டி. அப்பகூட எனுக்கு ஒண்ணும் தோணல. அதான் எப்படியாச்சும் அவன இட்டாந்து உன்னாண்ட ஒப்படைச்சிடணும்னு... உன்ன ஒரு வார்த்த கேக்காத பூட்டேன்.”

“நானும் சொல்லலயே.”

“செரி. இப்ப உனுக்கு இன்னா வோணும்?”

ஹெலன் யோசித்தாள். கேட்க ஒன்றுதான் இருந்தது.

“தூக்கம்க்கா.”

கை மறுபடி தலையில் இறங்கியது. இந்தமுறை கனமாக இல்லை.

“அப்பா, இவளுக்குத் தூக்கம் குடுங்க.”

அவ்வளவுதான். ஜோதிலட்சுமியின் ஆமென் முடிவதற்குள் ஹெலனின் தலை முத்தம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் பெட்டி முக்கால்வாசி காலியானது. ஜோதிலட்சுமி எழுப்பக் கை நீட்டினாள். முத்தம்மா மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இன்னாடி பண்ற? கேட்டு வாங்குனத தட்டி எழுப்புவியா?”

“எட்டு மணிக்கு கம்பெனில பஞ்ச்சிங்குக்கா!”

“எதுவரைக்கும்னு சொல்லாத வுட்டுட்டேண்டி.”

வண்டி கிளம்பியது. “நம்ம பாஸு கும்மிடிப்பூண்டி வரைக்குந்தான்க்கா” என்று முனகிக்கொண்டே ஜோதிலட்சுமி உட்கார்ந்தாள். அவள் மட்டும் இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை.

ஆரம்பாக்கம் வயல்கள் வந்தன. கிழக்கு ஜன்னல் வெயில் மடியிலிருந்து கழுத்துக்கு ஏறி, லேசாகத் திறந்திருந்த ஹெலனின் வாயை நெருங்கியது. முத்தம்மா மரத்துப்போன தோளை அசைக்காமல் மற்ற கையைத் தூக்கி ஜன்னலுக்குக் குறுக்கே விரித்துப் பிடித்தாள். ஐந்து விரல் நிழல் ஹெலனின் முகத்தில் விழுந்து, வண்டி ஆடும்போதெல்லாம் கூடவே ஆடியது.