தங்கமுத்துவின் ரத்தத்தில் இரண்டு மேடுகள்

முதலாளி ஆல்வினைச் சகாயசெல்விக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே பிடிக்காது. திண்டுக்கல்லில் மூன்று ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிற மனுஷனுக்கு மெஷின் காட்டும் எண்ணைத் தவிர ஒன்றும் வாசிக்கத் தெரியாது. எண் சிவப்பில் வந்தால் கெட்டது, கறுப்பில் வந்தால் நல்லது. அம்புட்டுதான் அவர் படிப்பு.

அன்றைக்குச் சிவப்பில் வந்தது தங்கமுத்துவின் ரத்தம். நெய்க்காரப்பட்டிக்காரர், தனியார் பள்ளியொன்றில் பஸ் டிரைவர். குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று எவனோ மொட்டைக் கடிதம் போட, தாளாளர் சோதனைக்கு அனுப்பியிருந்தார். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். வாரக்கணக்கில் மிதமிஞ்சிக் குடிப்பவர்களுக்கு அவை குறைந்துபோகும். தங்கமுத்துவுக்குக் குறைவு என்றது மெஷின். ரிப்போர்ட்டை அனுப்பிவிடச் சொன்னார் ஆல்வின்.

சகாயசெல்விக்கும் அதில் சந்தேகமில்லை. ரத்தம் எடுக்கும்போது தொட்டதேயில்லை என்று சத்தியம் செய்த ஆள். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையப் பொய் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம்தான் மெஷின் போட்ட வரைபடத்தைப் பார்த்தாள். அந்தப் புரதம் அதில் ஒரு பெரிய மேடாக நிற்கும். குடிகாரர்களுக்கு அதன் பக்கத்தில் ஒரு சின்ன மேடு கிளம்பும். இங்கே இரண்டும் சரிசமமாக நின்றன. எவ்வளவு குடித்தாலும் அப்படி வராது.

மீதி ரத்தத்தில் ஒரு நொதியை விட்டு, சங்கிலிகளின் நுனியைக் கத்தரித்து மறுபடி ஓட்டினாள். சர்க்கரைதான் காரணமென்றால் இரண்டு மேடும் ஒன்றாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. புரதமே இரண்டு வகை. அப்பனிடமிருந்து ஒன்று, ஆத்தாளிடமிருந்து ஒன்று. பிறவியிலேயே வந்தது.

ஆல்வின் கேட்டுவிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தால் நமக்கு எவ்வளவு வேலை வருகிறது தெரியுமா என்றார். அவருக்குப் பதில் சொல்வதே வீண். குடியல்ல, பிறவி அமைப்பு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட்டை அனுப்பினாள். வேறு டிரைவரை வைத்தாயிற்று என்று தாளாளரிடமிருந்து போன் வந்தது. வருத்தமாக ஒரு வார்த்தை இல்லை.

லேப்புக்கு வந்த தங்கமுத்துவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவள் நீட்டிய ரிப்போர்ட் தாளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் குடிக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க. அன்னைக்கு ஊசி குத்தயில முகத்தைச் சுளிச்சீங்களே, அப்ப இந்தப் படிப்பெல்லாம் எங்க போச்சுங்க?"

மரியாதை குறையாமல்தான் கேட்டார். தாளை எடுக்காமலே போனார்.

பாலசமுத்திரத்தில் தேங்காய் லாரி ஓட்டுகிறார் என்று பிறகு கேள்விப்பட்டாள். அவர் விட்டுப்போன தாளைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாய் அவர் கையெழுத்திட்ட அட்டை திரும்பி வந்தது. வேறொன்றும் வரவில்லை.