சவர்க்காரப் பெட்டிக்குள் மெழுகு

வெள்ளவத்தையிலிருந்து நுகேகொடைக்குப் போகிற ஓட்டோவில் ஜெகதீஸ்வரி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே ஒரு குளியலறைச் சவர்க்காரப் பெட்டி. அதற்குள் மெழுகுத் துண்டு. மெழுகுக்குள், பக்கத்தில் தொப்பியோடு இருந்த கணவர் யோகநாதனின் மூளையிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு கிள்ளு.

கட்டி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரத்தம் உறைந்திருந்தது, எடுத்தாயிற்று என்று வீடே கட்டுப்பாடாகப் பொய் சொன்னது. உண்மையைச் சொன்னால் நோயாளிக்குப் பாதி உயிர் போய்விடும் என்பது எங்கள் சனத்தின் பெரிய கண்டுபிடிப்பு.

டொக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கியிருந்தார். பெருகுகிற உயிர்க்கலங்களில் மட்டும் ஒரு புரதம் இருக்கும். சாயம் போட்டால் கபில நிறமாகத் தெரியும். கபிலம் குறைவென்றால் வருடக்கணக்கில் இருப்பார். நிறையவென்றால் மாதக்கணக்குத்தான். நுகேகொடையில் ஒரு தனியார் இடத்தில் அந்தச் சோதனை செய்வார்கள். மெழுகு பத்திரம், வேறு துண்டு இல்லை.

ஆஸ்பத்திரி உறையில் மூளைக் கட்டி என்று இங்கிலீசில் கொட்டை எழுத்து. அவர் கண்ணில் படக்கூடாதென்று அதைக் கிழித்துப் போட்டு, மெழுகைச் சவர்க்காரப் பெட்டிக்குள் மாற்றினாள். தன் இரத்தச் சோதனைக்குப் போவதாகச் சொன்னாள். குண்டு வெடிக்கிற ஊரில் தனியே விடமாட்டேன் என்று அவரும் ஏறிக்கொண்டார்.

பாமன்கடைச் சோதனைச் சாவடியில் சிப்பாய் பெட்டியைத் திறந்தான். மணமில்லாத வெள்ளைக் கட்டி. என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். கோயிலுக்கு மெழுகு என்று வாயில் வந்ததைச் சொன்னாள். வெடிமருந்தோ என்று அவன் முகம் மாறியது. துவக்கோடு இன்னொருவன் வந்தான். முதலாமவன் பேனாக்கத்தியை விரித்தான். வெட்டினால் எல்லாம் போச்சு. உண்மையைச் சொன்னால் அவருக்கு விளங்கிவிடும். காலமெல்லாம் கந்தோர் வேலையில் சிங்களம் பேசியவர்.

யோகநாதன் தொப்பியைக் கழற்றினார். மொட்டைத் தலையில் தையல் தழும்பு. அது என்னுடைய மூளைக் கட்டி, தம்பி, வெட்டவேண்டாம், எனக்கு எவ்வளவு காலம் என்று பார்க்கத்தான் கொண்டுபோகிறோம் என்று நிதானமான சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் தழும்பைப் பார்த்தான். கத்தியை மடக்கிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

ஓட்டோ நகர்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. எப்போது தெரியும் என்று கேட்டாள்.

"ஒப்பரேசனுக்கு முதலே டொக்டர் சொல்லிப்போட்டார். நீர் தாங்கமாட்டீர் எண்டு நான் சொல்லேல்லை. இண்டைக்குக் காலமை குப்பைவாளியிலை உறையைக் கண்டனான். அதுதான் கூட வந்தனான்."

அவள் பெட்டியை அவர் கையில் வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு, ஈஸ்வரி," என்றார்.