கை மேல் விழுந்த பழி

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஊரறிந்த விஷயம். அந்தச் சனிக்கிழமை காலை எனக்குக் கோபமே வரவில்லை. அதைப் பார்த்துத்தான் என் கணவர் பயந்துபோனார்.

நான் பல் டாக்டர். வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கி, ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். "கை நல்லாருக்கு" என்றார் சர்ஜன். அவர் சொன்னால் ஆயிற்றா? எனக்குத் தெரிந்த இடத்தில் நானே சோதித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஸ்டியரிங் பூட்டி ஆடும் கார் பந்தயம். எட்டு வருடமாக ஒரே பாதை. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் நாற்பத்தொரு வினாடி. தூக்கத்தில் எழுப்பி ஓட்டச் சொன்னாலும் அரை வினாடி தப்பாது.

மூன்று நாளாக நாற்பத்தைந்துக்குக் கீழே வரவில்லை. கார்கள் நெருங்கும் வளைவில் நான் ஸ்டியரிங்கைத் திருப்பி, கண்ணிமைக்கும் நேரம் கழித்துத்தான் கார் திரும்புகிறது. அந்த நேரத்தில் என் கையில் டிரில்லும் அதன் கீழே ஒருவருடைய ஈறும் இருந்தால்? இனி எனக்கு எக்ஸ்ரே பிரிவே போதும் என்று கிளினிக்குக்கு மெயில் எழுதி வைத்தேன். அனுப்பத்தான் மனசு வரவில்லை.

என் கணவர் என்னைக் கேட்காமலே என் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்தவன் அவன்தான், தொழிலே அது.

"அக்கா, காலி ரோட்லயும் லேட்டாகுதா? இல்ல கூட்டத்துல மட்டுமா?"

"கூட்டத்துலதான். நாலஞ்சு கார் சேர்ந்துட்டா."

"பக்கத்துல எத்தன கார் வருதுன்னு உன் கைக்கு எப்படிக்கா தெரியும்?"

நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"கை தப்புப் பண்ணா எல்லா எடத்துலயும் பண்ணும். ஸ்கிரீன்ல மெமரி ஸ்பீடு என்ன காட்டுது, பாரு."

பார்த்தேன். இரண்டாயிரத்து நூற்று முப்பத்து மூன்று.

"நான் மூவாயிரத்து அறுநூறு வச்சுக் குடுத்தேனே. பெட்டிய யாரு தொறந்தது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதான் தூசி தட்டினேன்."

"மாமா, உள்ள வட்டமா ஒரு பேட்டரி இருக்குமே?"

"அதையும் கழட்டித் தொடச்சேன்."

"மெமரி பட்டை, ரேம், ரெண்டு இருக்குமே?"

"பக்கத்துப் பக்கத்துல சொருகினேன். ஜோடியா பாக்க நல்லாருந்துச்சு."

தம்பி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது. பேட்டரியைக் கழற்றினால் அவன் ஏற்றி வைத்த வேகம் அழிந்துவிடுமாம். ரேமை அப்படிச் சொருகினால் இரண்டு வாசலில் ஒன்று மூடிக்கொண்ட மாதிரியாம். காலி ரோட்டில் தெரியாது. கூட்டம் சேர்ந்தால் படம் திக்கும்.

அவன் சொல்லச் சொல்ல, கணவர் ரேமை இடம் மாற்றினார். நான் மெமரி வேகத்தைப் பழையபடி மூவாயிரத்து அறுநூறுக்கு ஏற்றினேன். உட்கார்ந்து ஓட்டினேன். அதே வளைவு, அதே கூட்டம். கையோடு கார் திரும்பியது. ஒரு நிமிடம் நாற்பத்தொன்று புள்ளி மூன்று.

"அப்பாடா" என்று சொன்னேன். சொல்லிவிட்டு ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்து அழுதேன்.

"இன்னும் புள்ளி மூணு இடிக்குதே?" என்றார் கணவர் மெதுவாக.

"அது என் கையோடது. ஓட்ட ஓட்டச் சரியாயிடும்."

மெயிலை அழித்தேன். திங்கட்கிழமை முதல் நோயாளி எத்தனை மணிக்கு என்று கிளினிக்குக்குப் போன் பண்ணிக் கேட்டு வைத்தேன். அதற்கப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் தூக்கம், மூன்று நாள் சாப்பாடு, தொலைத்த நிம்மதி எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். ஸ்குரூ டிரைவரை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்து, சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.