எண்களால் ஆன பெயர்

கணினியின் வட்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. பாரதி தொடரச் சொல்லி அழுத்தினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி தன் பழைய கணினிகளை மலைப்பள்ளிக்குத் தானமாக அனுப்பியிருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கனத்த இரும்புப் பெட்டிகள். ஒரு காலத்தில் கட்டட வரைபடங்கள் போட்டவையாம். ஒவ்வொன்றின் வட்டையும் யார் யாரோ நான்காகவும் ஐந்தாகவும் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு பிரிவுக்கு 'ரம்யா சொந்தம்' என்று பெயர்கூட இருந்தது. போன வருஷத்துப் பாரதியாக இருந்தால் அந்த ரம்யா யார் என்று ஒரு தரமாவது திறந்து பார்த்திருப்பாள். இப்போது திரையில் கோடு இடமிருந்து வலமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி கரியாலூருக்கு மேலே இருந்தது. பாரதி அங்கே கணக்கு டீச்சர். புகுந்த வீடு மலைக்குக் கீழே நைனார்பாளையத்தில். பிரசவத்துக்கு என்று போட்ட லீவு நிறைய மிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்து மலையிலேயே தங்கிவிட்டாள். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் ஹெச்.எம். கந்தசாமி சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"லீவு இருக்குதேம்மா. எடுத்துக்கலாம் இல்ல?"

"வூட்ல இருந்துகினு இன்னா சார் பண்றது."

அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை இடம் மாற்றி வைத்தார். பிறகு லேப் சாவியை எடுத்துக் கொடுத்தார். "அந்தக் கம்ப்யூட்டருங்க எழுந்து வர்றதுக்குள்ள பீரியடே முடிஞ்சி பூடுது. லினக்ஸ் போட்டா ஓடும்னு நீங்கதான் சொல்லிகினு இருந்தீங்க. பாருங்க. ஓடலன்னா காயலான் கடைக்குத்தான் போவணும்."

முதல் கணினி எந்தத் தகராறும் இல்லாமல் எழுந்தது. லினக்ஸ் இருந்த பென்டிரைவைப் பிடுங்கி இரண்டாவதில் செருகினாள். இன்ஸ்டால் செய்யும் திரை வரவேண்டிய இடத்தில், கறுப்பில் ஒரே ஒரு ஆங்கில வரி வந்தது. அப்படி ஒரு வட்டே இல்லை என்றது. முதல் கணினிக்குத் திரும்பி வந்து அதை அணைத்துப் போட்டாள். அதுவும் இப்போது எழவில்லை. மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. மறுபடி முழுவதையும் அழித்து, மறுபடி பிரித்து, மறுபடி ஏற்றினாள். வந்தது. பென்டிரைவை எடுத்தால் போனது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது அவளுக்குக் கேட்டது. அது தனக்கு இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். கோபம் வரவில்லை, சலிப்பும் வரவில்லை. இதே வேலையைச் சாகும்வரை செய்யச் சொன்னாலும் செய்திருப்பாள்.

சமையல் செய்கிற செல்லியம்மாள்தான் தட்டோடு வந்தாள். இதே மலைக்காரி, பாரதி வயதுதான் இருக்கும். தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"டீச்சர், பால் கட்டிகினு இருக்குதா?"

பாரதி குனிந்து பார்த்தாள். சேலையின் முன்பக்கம் உள்ளங்கையளவு நனைந்திருந்தது. எப்போது நனைந்தது என்று தெரியவில்லை. நைனார்பாளையத்தில் யாரும் இந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மாமியார் அமிர்தம் ரசமும் சாதமும் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். பார்க்க வந்தவர்கள் மழையைப் பற்றியும் மக்காச்சோளத்தைப் பற்றியும் பேசினார்கள்.

"ம்" என்றாள்.

செல்லியம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தன் தோளில் கிடந்த பழைய வேட்டித்துணியை நீளமாக மடித்து, பாரதியைக் கையைத் தூக்கச் சொல்லி, மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டாள். "வலிக்குதுங்களா?" என்று கேட்டாள். வலித்தது. ஆனால் அந்த வலி பக்கத்து அறையில் யாருக்கோ வலிப்பதுபோல இருந்தது.

எதனால் எழவில்லை என்பது அன்று சாயங்காலம்தான் பிடிபட்டது. கணினியை எழுப்பிவிடுகிற சின்ன நிரல், வட்டின் தொடக்கத்தில் எழுதப்பட வேண்டியது, தப்பாகப் பென்டிரைவிலேயே போய் எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் பென்டிரைவ் செருகியிருக்கும்வரை எல்லாம் சரியாக இருந்தது. எழுந்திருந்த கணினியில் ஒரு வரி தட்டி, அதைச் சரியான வட்டில் எழுதவைத்தாள். பென்டிரைவை உருவி, அணைத்துப் போட்டாள். எழுந்தது. பிறகு பென்டிரைவைப் புதிதாக எழுதிக்கொண்டு, மற்றக் கணினிகளில் எந்த வட்டில் எழுத வேண்டும் என்று தானே கைப்படக் குறித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக எழுந்தன. ஹெச்.எம். வந்து எட்டிப் பார்த்து, "பரவால்லியே!" என்றார். அவளும் பரவாயில்லை என்றே நினைத்தாள்.

வெற்றிவேல் சனிக்கிழமை வந்தான். சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கிற அவள் புருஷன். சட்டையில் இன்னும் யூரியா வாசம் இருந்தது. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசிக் கணினியின் முன்னால் அவள் உட்கார்ந்திருக்க, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான்.

"அல்லாத்தையும் அழிச்சிட்டுதான் போடணுமா?"

"அழிக்காமலும் போடலாம். தனியா ஒரு பாகம் பிரிச்சி வுட்டுடலாம்."

அவன் போனை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி விரிசல் விட்ட போன்.

"இது அப்பப்ப தானா ஆஃப் ஆவுது. ஒரு நாளு ஒரேயடியா பூடும்போலக்குது. அதான் வந்தேன்." போனைக் கவிழ்த்து வைத்தான். "அன்னிக்கி ஒரு போட்டோ எடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது. ஒனுக்கு ஊசி போட்டுத் தூங்க வெச்சிருந்தாங்க. நீ முழிச்சிகினு பாத்தா தாங்க மாட்ட, சீக்கிரமா எட்த்துகினு போயிடுங்கன்னு அம்மா சொல்லிச்சி. மூடறதுக்கு முன்னாடி எடுத்தேன். மெமரி கார்டுலதான் கீது."

பாரதி திரையிலேயே கண் வைத்திருந்தாள். பெண் குழந்தை என்று ஒரு நர்ஸ் சொன்னது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கரும்புக்கொல்லை ஓரத்தில் புதைத்ததாக யாரோ யாரிடமோ சொன்னதைத் தூக்கத்தில் கேட்டிருந்தாள்.

"பாக்கறியா?"

"வேணாம்."

"பத்திரமா எங்கியாவது போட்டு வெக்க முடியுமா?"

"ஸ்கூல் கம்ப்யூட்டர்ல வேணாம்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "கார்டைக் குடுங்க."

பென்டிரைவ் அவளுடையது. இன்ஸ்டால் செய்யும் பகுதி போக, அதில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்தைத் தனிப் பிரிவாக்கினாள். பெயர் கேட்டது. ஒன்றும் போடாமல் விட்டாள். பெட்டியின் முன்பக்கத் துளையில் கார்டைச் செருகினாள். படங்களாக விரித்துக் காட்டும் ஜன்னல் தானாகத் திறக்கப் பார்த்தது. திறப்பதற்குள் மூடினாள். எழுத்து மட்டும் வருகிற கறுப்புத் திரையைத் திறந்து பட்டியல் கேட்டாள். மேலிருந்து கீழே பெயர்கள் ஓடின. உர மூட்டை, பில்லு, யாரோ காட்டிய பயிர் நோய் என்று அவன் எடுத்த படங்கள் எல்லாம் இங்கே வெறும் தேதியும் நேரமுமாக இருந்தன. அந்தத் தேதி அவளுக்குத் தெரியும். அந்தத் தேதியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்த எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒரு எண் தப்பிப்போய், அழித்து மறுபடி தட்டினாள். நகல் எடுக்கச் சொன்னாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. பென்டிரைவில் போய்ப் பட்டியல் கேட்டாள். இருந்தது. எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்றும் கேட்டுப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே அளவு.

"ஆச்சா?"

"ஆச்சி."

வெற்றிவேல் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். தோள் குலுங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அழுதால் தானும் அழுவோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. கார்டை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள்.

பஸ்ஸுக்கு அவனோடு ரோடு வரைக்கும் நடந்தாள். மழை விட்டு, மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. அருவி பார்க்க வந்தவர்கள் ஒரு வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஏங்க" என்றாள். "முடி இருந்துச்சா?"

என்ன கேட்கிறாள் என்று அவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வாயைத் திறந்தான். கண்டக்டர் விசில் கொடுத்து, பஸ் உறுமிக் கிளம்பியது. "நெறையா" என்று சொன்னதுபோல இருந்தது. சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, விரல்களை மெல்ல வளைத்து, ஒரு சின்னத் தலையைத் தாங்குகிற மாதிரி பிடித்துக் காட்டினான். பஸ் வளைவில் இறங்கியது. கை அப்படியே இருந்தது. மரங்களுக்கு நடுவே அடுத்த வளைவில் பஸ் ஒரு தரம் தெரிந்தபோதும், அதற்குக் கீழே இன்னொரு தரம் தெரிந்தபோதும், அந்தக் கை மடங்காமல், எதையும் கீழே விடாமல், வெளியே நீண்டிருந்தது.